இரண்டு மார்ட்டின்கள்

மார்ட்டின் டி-18, மார்ட்டின் டி-28 என்று இரண்டு கிற்றார்கள் உண்டு. இரண்டையும் பென்சில்வேனியாவில் நாசரேத் என்ற சிறு ஊரில் செய்கிறார்கள். ஒரே உருவம், ஒரே பருமன். முன்பலகை இரண்டிலும் சிற்கா ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம். விரல் ஓடும் பலகை இரண்டிலும் கருங்காலி. தந்தி அதிரும் நீளம் இரண்டிலும் 25.4 அங்குலம். முக்கியமான வித்தியாசம் பின்பலகையிலும் பக்கங்களிலும் இருக்கிறது. டி-18க்கு மஹோகனி, டி-28க்குத் தோதகத்தி. தோதகத்திக்காகச் சில நூறு டொலர் கூடக் கொடுக்க வேண்டும்.

அந்த வித்தியாசம் காதுக்குத் தெரியுமா, தெரிந்தால் யாருடைய காதுக்கு? போன வருடம் மாசி தொடங்கிச் சித்திரை வரை எங்கள் வீட்டில் இதுதான் பேச்சு.

எனக்குப் பதினாறு வயதாக இருந்தபோது யாழ்ப்பாணத்தில் எங்கள் பாடகர் குழுவை நடத்திய பாதிரியாரிடம் ஒரு வெளிநாட்டு இசைத்தட்டு இருந்தது. அதிலிருந்த பாட்டுகள் மறந்துவிட்டன. அட்டைப்படத்தில் ஒருவர் மடியில் வைத்திருந்த கிற்றார் மறக்கவில்லை. "அது மார்ட்டின் டி-28. நான் ஒருக்கால் தொட்டுப் பார்த்திருக்கிறன்" என்றார் பாதிரியார், ஏதோ திருப்பண்டத்தைத் தொட்டவர்போல. நாங்கள் வாசித்தது கொழும்பிலிருந்து வந்த ஒட்டுப்பலகைக் கிற்றார். தந்திக்கும் பலகைக்கும் நடுவே ஒரு பென்சிலை நுழைக்கலாம். மூன்று கோர்ட் தெரிந்தால் ஒரு கலியாண வீட்டுப் பொப் பாட்டுக் கச்சேரியை ஒப்பேற்றிவிடலாம் என்ற காலம். விரல் நுனி வெடித்தாலும் விடாமல் அழுத்துவோம்.

பிறகு கனடா. ஸ்காபரோவில் உலோகத் தகடு அடிக்கும் ஒரு தொழிற்சாலையில் 31 வருடம். முதல் ஏழெட்டு வருடம் காதடைப்பான் ஒரு பெட்டியில் இருந்தது. அதைப் போடச் சொல்லி ஒருவரும் வற்புறுத்தியதில்லை. ஓய்வு பெற்றபோது வந்த காசில் ஒரு பங்கை மனைவி எனக்கென்று ஒதுக்கினார். "உங்கட ஆசைக்கு ஏதும் வாங்குங்கோ" என்றார். கிற்றார் என்றதும், "உந்த மரப்பெட்டிக்கோ?" என்று கேட்டார். விலையைச் சொன்ன பிறகு ஒரு நாள் முழுக்க ஒன்றும் கேட்கவில்லை.

அதே வருடம் காதையும் சோதித்தார்கள். சோதித்த பெண் ஒரு கடதாசியில் கோடு வரைந்து காட்டினார். 3000 ஹேர்ட்ஸ் வரை ஓரளவு மட்டமாக வந்த கோடு 4000இல் கிணற்றுக்குள் விழுந்ததுபோல் இறங்கியது. பிறகு கொஞ்சம் ஏறப் பார்த்து, முடியாமல் நின்றுவிட்டது. இரைச்சலால் கெட்ட காதை இந்தப் பள்ளத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்றார்.

பௌதிக வகுப்பில் மீடிறன் என்று படித்தோமே (இந்தியப் புத்தகங்களில் அதிர்வெண்), அதை வைத்துச் சொன்னால் விடயம் இதுதான். கிற்றாரின் ஆகத் தடித்த தந்தியை வெறுமனே மீட்டினால் அதன் மீடிறன் 82. ஆக மெல்லிய தந்திக்கு 330. அந்த மெல்லிய தந்தியில் இருபதாவது மெட்டை அழுத்தினாலும் 1050ஐத் தாண்டாது. ஆகவே கிற்றாரில் உள்ள ஒவ்வொரு சுரமும் எனக்குக் கேட்கும். கேட்காதது வேறு. ஒரு தந்தி முழு நீளமாக மட்டும் அதிர்வதில்லை. பாதியாக, மூன்றில் ஒன்றாக, நான்கில் ஒன்றாக, எல்லாம் ஒரே நேரத்தில் அதிர்கிறது. 82 என்ற சுரத்தோடு 164, 246 என்று ஒரு பட்டாளமே கிளம்புகிறது. இவைதான் மேற்றொனிகள். எந்த மேற்றொனி எவ்வளவு பலமாக எழும்புகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை வைத்துத்தான் ஒரு கிற்றாரிலிருந்து இன்னொன்றைக் காது பிரிக்கிறது. 4000 டொலருக்கு மேல் கொடுத்து வாங்கும் கிற்றாரில் அந்தக் காசின் ஒரு நல்ல பங்கு மேற்றொனிகளின் மேல்வரிசைக்குப் போகிறது. அந்த மேல்வரிசைதான் என்னுடைய கிணற்றுக்குள் கிடந்தது.

ஆகவே மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். அவளுக்கு 26 வயது. நான் பிக் வைத்து அடிப்பவன். அவள் விரல்களால் வாசிப்பவள். கைக்கு எது பொருந்துகிறது என்று நான் சொல்வது, என்ன ஒலிக்கிறது என்று அவள் சொல்வது என்று ஏற்பாடு.

சொல்வதற்குச் சொல் வேண்டுமே. ட்ரை, வூடி, கிளாஸி, ஸ்கூப்ட் என்று அவளிடம் ஒரு பை நிறையச் சொற்கள் இருந்தன. என்னிடம் இருந்தவை கணீர், கம்மல், வறட்டுச் சத்தம், கார்வை. ட்ரை என்று அவள் ஒரு கிற்றாரைப் புகழ்ந்தபோது, வறட்டுச் சத்தம் என்று திட்டுகிறாள் என நினைத்துக் கடைக்காரரிடம் அதைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவளுக்கு ட்ரை என்றால் சுரம் வந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, ஒட்டிக்கொண்டு நிற்காமல் போவது. எனக்கு வறட்டுச் சத்தம் என்றால் தகரம். கார்வையில் மட்டும் தகராறு இல்லை. சின்ன வயதில் சங்கீத வகுப்புக்கு அனுப்பினோம். பாதியில் விட்டாலும் அந்தச் சொல் அவளிடம் தங்கியிருந்தது. "இதிலே கார்வை கூட, அப்பா" என்பாள். அவள் நண்பர்கள் சஸ்டெயின் என்பதைத்தான் அப்படிச் சொன்னாள்.

இன்னொன்றும் நடந்தது. ஆங்கிலச் சொற்களின் முடிவில் வரும் மெல்லிய ஊதல் ஒலிகள் எல்லாம் உயர்ந்த மீடிறன்களில் இருப்பவை. மகள் ஆங்கிலத்தில் பேசினால் எனக்குப் பாதி ஊகம். தமிழில் உயிரொலிகளும் மெல்லினமும் தாராளம். அதில் சொன்னால் விளங்கிவிடும். ஒன்பது பத்து வயதோடு எங்களிடம் தமிழில் பேசுவதை ஏறக்குறைய விட்டிருந்தவள், நாலு பேர் நாலு கிற்றாரை வாசிக்கும் அந்த அறையில், என் காதுக்குக் கிட்ட வந்து தமிழில் பேசத் தொடங்கினாள். இலக்கணம் அடிபட்டது. நான் திருத்தவில்லை.

முதலில் கலிபோர்னியாவின் டெய்லர். கையில் வழுக்கிக்கொண்டு போகும் கழுத்து. அழுத்தவே தேவையில்லை என்பதுபோல் தந்திகள் தாழ்ந்து கிடந்தன. ஒவ்வொரு சுரமும் மற்றதை இடிக்காமல் வரிசையில் நிற்கிறது என்றாள் மகள். எனக்கு யாரோ மூன்றாவது வீட்டில் வாசிப்பதுபோல் இருந்தது. வைத்துவிட்டோம்.

அடுத்தது கிப்சன் ஜே-45. போர்க்காலத்தில், 1942இல் வந்த கிற்றார். சரிந்த தோள்கள், ஓரத்தில் கறுத்து நடுவில் மஞ்சளாகும் பூச்சு. இதன் தந்தி நீளம் 24.75 அங்குலம். மார்ட்டினைவிட அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடவாகக் குறைவு. இது ஒரு வித்தியாசமா என்று கேட்கலாம். அதே தந்தியை அதே சுரத்துக்கு முறுக்கும்போது நீளம் குறைந்தால் இழுவையும் குறையும். கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 5 வீதம். அறுபதைத் தாண்டிய இடது கைக்கு 5 வீதம் என்பது பெரிய சலுகை. பெருவிரல் மூட்டில் காலையில் இருக்கும் நோவு இந்தக் கிற்றாரில் பாதியாகிவிட்டது. கழுத்தின் அகலத்தில் ஒரு மில்லிமீற்றர் கூடினாலும் குறைந்தாலும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். சத்தமும் எனக்கு நன்றாகக் கேட்டது. நடுச்சுரங்கள் முன்னால் வந்து, தட்டிவிட்டு அடங்கும். பாடுகிறவரை மறைக்காத கிற்றார். மகள் ட்ரை என்றது இதைத்தான். ஆனால் நான் இப்போது பாடுவதில்லை. குரலுக்கு இடம் விட்டு நிற்கும் கிற்றாரில் குரல் இல்லாவிட்டால் அந்த இடம் வெறுமையாகவே இருக்கிறது.

சுவரின் மூலையில் ஒரு பழைய லாரிவே தொங்கியது. 1970களில், இதே ரொறொன்ரோவில் செய்தது. ஜான் லாரிவே இங்கே எட்கர் மென்ஷ் என்ற ஜெர்மானியரிடம் கிளாசிக்கல் கிற்றார் செய்யப் பழகி, பிறகு இரும்புத் தந்திக் கிற்றாருக்கு வந்தவர். 1977இல் மேற்குக் கரைக்குப் போய்விட்டார். அவர் பட்டறையில் பழகியவர்கள் இந்த நகரத்தில் தங்கினார்கள். அவர்களில் லிண்டா மான்சர் 1984இல் பட் மெத்தினிக்காக 42 தந்திகள் கொண்ட ஒரு கிற்றாரைச் செய்தார். வில்லியம் லாஸ்கினின் கிற்றார்க் கழுத்துகளில் முத்துச்சிப்பி பதித்த ஓவியங்களைப் பார்த்தால் வாசிக்க மனம் வராது. நம்முடைய எழுத்தில் ரொறொன்ரோ என்றால் பனி, நிலக்கீழ் அறை, இரண்டு வேலை. அதே தெருக்களில் ஒரு தச்சுப் பரம்பரை இருந்ததை நம்மில் எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்? மகள் அந்த லாரிவேயை விட்டு எழும்ப அரை மணி நேரமாயிற்று. விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்ததும் எழும்பிவிட்டாள்.

கடைசியில் மார்ட்டின்கள். இரண்டும் டிரெட்நோட் என்ற உருவம். 1906இல் பிரித்தானியர் கடலில் இறக்கிய போர்க்கப்பலின் பெயர் அது. மார்ட்டின் இந்தப் பெரிய உடம்பை 1916இல் ஒரு இசைக்கடைக்காகச் செய்து கொடுத்து, 1931இல் தன் பெயரில் விற்கத் தொடங்கியது. ஆழம் கிட்டத்தட்ட 5 அங்குலம். வலது கையை அதன்மேல் போட்டால் தோள் கொஞ்சம் உயர வேண்டும். ஒரு மணி நேரத்தில் தோள் முறைப்பாடு செய்யும். ஆனால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆகத் தடித்த தந்தியைத் தட்டினால் பின்பலகை விலா எலும்பில் பேசும். அதற்குக் காது தேவையில்லை.

டி-28ஐ முதலில் எடுத்தேன். நாற்பது வருடத்துக்கு மேலான ஆசை. பழைய டி-28களின் தோதகத்தி பிரேசில் நாட்டு மரம். பிரேசில் வெட்டிய மரத்தை அப்படியே ஏற்றுமதி செய்வதை நிறுத்தியதால் 1969இலிருந்து மார்ட்டின் இந்திய மரத்துக்கு மாறியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மரம். நீலகிரிப் பக்கம் ஈட்டி என்பார்கள். 2017இல் உலகத்துத் தோதகத்தி இனங்கள் எல்லாவற்றையும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தபோது எல்லை தாண்டி விற்பதற்குப் பத்திரம் தேவைப்பட்டது. 2019இல்தான் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்குக் கிடைத்தது. விரற்பலகையின் கருங்காலி இப்போது ஆபிரிக்காவிலிருந்து வருகிறது. வன்னியில் வளர்ந்தவர்களுக்குக் கருங்காலி ஒரு மரம். மற்றவர்களுக்கு அது வேலைநிறுத்தத்தின்போது வேலைக்குப் போனவனைத் திட்டும் சொல். கூடலூர்க் காட்டு மரமோ என்னவோ, நம் பக்கத்து மரம் பென்சில்வேனியா போய் வளைந்து என் மடிக்கு வந்திருக்கிறது என்று நினைத்தபோது மனம் இளகியது உண்மை. இதையெல்லாம் நினைத்துக்கொண்டு வாசித்தால் எந்தக் கிற்றாரும் நன்றாகத்தான் ஒலிக்கும்.

மகள் வாசித்துக் காட்டினாள். "அடியிலே இடி மாதிரி. மேலே சின்னச் சின்ன மணி. நடுவிலே கொஞ்சம் பள்ளம்" என்றாள். இடி எனக்குக் கேட்டது. பள்ளமும் கேட்டது. மணி கேட்கவில்லை. டி-18ஐ வாசித்தபோது, "இது நேராக வருது. மணி குறைவு. ஆனால் ஒவ்வொரு நோட்டும் தனியாக நிக்குது" என்றாள். அது எனக்கும் அப்படியே கேட்டது. அன்றைக்கு முழுவதும் நாங்கள் இருவரும் ஒரே சத்தத்தைக் கேட்டது அந்த ஒரு முறைதான்.

வீட்டுக்கு வந்து நான் தேடிப் படித்தேன். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு செய்து 2018இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஒரே தச்சர், ஒரே அமைப்பில் ஆறு கிற்றார்களைச் செய்தார். பின்பலகையும் பக்கங்களும் மட்டும் வேறு வேறு மரம். பிரேசில் தோதகத்தி, இந்தியத் தோதகத்தி, மஹோகனி எல்லாம் அதில் அடக்கம். 52 கிற்றார்க்காரர்களுக்கு ஒட்டுவேலை செய்பவர்கள் போடும் கறுப்புக் கண்ணாடியை மாட்டி, எது எந்த மரம் என்று தெரியாமல் வாசிக்க வைத்தார்கள். அவர்கள் போட்ட மதிப்பெண்களில் மரத்துக்கு மரம் பெரிய வேறுபாடு இல்லை. மலிவான மரமும் அரிய மரமும் ஏறக்குறைய ஒன்றாக நின்றன.

இதை மகளிடம் வெற்றியோடு சொன்னேன். மரத்தால் வித்தியாசம் இல்லையென்றால் டி-28ஐ வாங்குவதற்கு என் காது ஒரு தடையே இல்லை என்பது என் வாதம்.

"வித்தியாசம் இல்லையென்றால் விலை குறைஞ்சதை எடுங்கோ" என்றாள். அடுப்படியிலிருந்து மனைவியின் சிரிப்புக் கேட்டது. அது எந்த மீடிறனோ, முழுதாகவே கேட்டது.

ஆய்வை நான் நம்புகிறேன். ஆனால் அது கேட்டது வேறு கேள்வி. கடையில் தொங்கும் இரண்டு மார்ட்டின்கள் ஒரே தச்சர் ஒரே அளவில் சீவிய சகோதரர்கள் அல்ல. முன்பலகையின் கீழே ஒட்டியிருக்கும் சட்டங்களைச் செதுக்கிய விதம், அந்தப் பலகையாக வந்த தனி மரம், அன்றைக்குப் பூட்டியிருந்த தந்தி என்று எத்தனையோ உண்டு. ஒரே மாதிரியில் இரண்டு டி-28ஐ எடுத்தாலும் ஒன்று மற்றதுபோல் ஒலிப்பதில்லை.

மூன்றாவது சனிக்கிழமை மகள் கைத்தொலைபேசியில் நான் வாசிப்பதைப் படம் எடுத்தாள். அதே பாட்டு, முதலில் டி-28இல், பிறகு டி-18இல். காருக்குள் வந்து சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் காட்டினாள்.

"கையைப் பாருங்கோ அப்பா. இதிலே நீங்கள் அடிக்கிறீங்கள். மற்றதிலே வாசிக்கிறீங்கள்."

உண்மைதான். டி-28இல் என் வலது கை மணிக்கட்டிலிருந்து ஓங்கி இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கேட்காத மணிகளைக் கை தேடியிருக்கிறது. காதுக்குப் போதவில்லை என்றதும் கை பலத்தைக் கூட்டிவிடும்; எனக்குச் சரியாக வரும்போது பக்கத்தில் இருப்பவர்களுக்குக் காது கூசும். டி-18இல் கை தாழ்ந்து, பிக் தந்திகளின் மேலே சும்மா நடந்தது. தேடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. வர வேண்டியது நேராக வந்துகொண்டிருந்தது.

நான் கடைசி வாதத்தையும் எடுத்தேன். "எப்படியும் எனக்குப் பிறகு இது உனக்குத்தானே. உனக்கு டி-28தானே பிடிச்சிருக்கு?"

"எனக்குப் பிடிச்சதை நான் வாங்குவன். நீங்கள் உங்கட காதுக்கு வாங்குங்கோ. செத்த பிறகு கதையைக் கார் பார்க்கிங்கிலே கதைக்காதேங்கோ."

அவள் இவ்வளவு நீளமாகத் தமிழில் ஒரே மூச்சில் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். மறுபடியும் உள்ளே போய் டி-18ஐ வாங்கினோம்.

காதுக்குக் கருவியும் வந்திருக்கிறது. மனிதப் பேச்சுக்கு அது கெட்டிக்காரக் கருவி. கிற்றாரோடு அதற்கு ஒத்துவராது. கார்வையாக நீண்டு நிற்கும் சுரத்தைத் தன்னுடைய கீச்சொலி என்று சந்தேகித்து அடக்கப் பார்க்கும். சுரம் தண்ணீருக்குள் நடுங்குவதுபோல் கேட்கும். இசைக்கென்று தனியாக ஒரு அமைப்பைச் செய்து தந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு ஒருநாள் வாசித்தேன். இத்தனை வருடம் கேட்காத எல்லாம் ஒரேயடியாக வந்தது: தந்தியில் விரல் உராயும் சத்தம், பிக் தட்டும் சத்தம், என் மூச்சு. மணி வந்ததா என்று தெரியவில்லை, இரைச்சலுக்குள் தேட முடியவில்லை. இப்போது வாசிக்கும்போது கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிடுகிறேன்.

மாரியில் இந்த நகரத்து வீடுகளின் வெப்பக்காற்று மரத்தை வெடிக்க வைத்துவிடும். ஈரப்பதன் 45 வீதத்துக்குக் கீழே போகக்கூடாது என்பதற்காகக் கிற்றார்ப் பெட்டிக்குள் ஈரப்பஞ்சு வைத்திருக்கிறேன். "மனிசருக்கு ஒருக்காலும் உப்பிடிப் பார்த்ததில்லை" என்பது மனைவியின் முறைப்பாடு.

தந்திகள் விடயம் மகளின் பொறுப்பு. தந்தி பழசாகும்போது முதலில் போவது மேற்றொனிகள்தான். புதுத் தந்திக்கும் ஆறு மாதத் தந்திக்கும் என் காதில் வித்தியாசம் இல்லை. மாதக் கடைசி ஞாயிறு வருகிறாள். வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே நான் உள்ளே வாசிப்பதைக் கேட்டு, "அப்பா, கம்பி செத்துப் போச்சு" என்று சத்தம் போடுகிறாள். சோற்றுக்கு முன்பா பின்பா மாற்றுவது என்பதில் ஒரு சிறு பேச்சுவார்த்தை நடக்கும். வெட்டிய முனைகளை மனைவி ஒரு பழைய மைலோ ரின்னில் போட்டு மூடிவைக்கிறார். ஒருமுறை அவர் காலில் ஒன்று குத்திவிட்டது.